மூன்று ஃபிளாஸ்க், ஒன்றரை வருடம்: மூடியைப் பார்த்து வாங்குங்கள்

ஒன்றரை வருடத்தில் மூன்று எவர்சில்வர் ஃபிளாஸ்க் வாங்கியிருக்கிறேன். ஒரு லிட்டரில் ஒன்று, அரை லிட்டரில் ஒன்று, பாப்பாவுக்கு ஸ்ட்ரா வைத்த 350 மில்லி ஒன்று. மூன்றும் வேறு வேறு கம்பெனி. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை. ஒரே கம்பெனி ஒரு மாடலை அருமையாகச் செய்துவிட்டு அடுத்த மாடலில் சொதப்புகிறது, பெயரை நம்பி வாங்கினால் என் கதிதான் உங்களுக்கும். மூன்றையும் தினமும் புழங்கி, கழுவி, கீழே போட்டு, ஒரு தடவை பை முழுவதையும் நனைத்துக்கொண்ட பிறகு எழுதுகிறேன்.

வாங்கியதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும் தண்ணீர் பாட்டிலுக்கே பணம் போய்க்கொண்டிருந்தது. பூங்காவோ மிருகக்காட்சி சாலையோ, உள்ளே விற்கும் தண்ணீருக்கு எப்போதும் ஒரு தனி விலை. அத்தைக்கு வெந்நீர்தான் இறங்கும், பாப்பாவுக்கு ஜில்லென்று இருந்தால்தான் தண்ணீர், என் வீட்டுக்காரருக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை டீ. ஒரு மாதம் இந்தச் செலவை மட்டும் தனியாகக் குறித்து வைத்தேன். கூட்டிப் பார்த்ததும் அன்றைக்கே முதல் ஃபிளாஸ்க்கை ஆர்டர் செய்துவிட்டேன்.

முதலில் எல்லோரும் கேட்பது, பெட்டியில் போட்டிருக்கிறபடி சூடு நிற்கிறதா என்றுதானே. வீட்டில் ஒரு சமையல் தெர்மாமீட்டர் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, ஒரு லிட்டர் ஃபிளாஸ்க்கை வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் சூடாக்கி, அதைக் கொட்டிவிட்டு, கொதிக்கிற தண்ணீரைக் கழுத்து வரை நிரப்பினேன். ஊற்றியவுடன் 94 டிகிரி. மதியம் பன்னிரண்டு மணிக்கு 79. மாலை ஆறு மணிக்கு 66. மறுநாள் காலையில் 48. பெட்டியில் எழுதியிருந்தது ‘24 மணி நேரம் சூடு’. 48 டிகிரி என்பது வெதுவெதுப்பு. அதைச் சூடு என்று சொல்கிறவர் டீ குடிக்காதவராக இருக்க வேண்டும். ஆனால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு 66 என்பது குறை சொல்ல முடியாத எண், காலையில் ஊற்றியதை மாலையில் வீடு திரும்பும்போதும் அத்தை ஊதித்தான் குடிக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு அதே ஃபிளாஸ்க்கைப் பாதி மட்டும் நிரப்பிப் பார்த்தேன். பன்னிரண்டு மணி நேரத்தில் 52க்கு வந்துவிட்டது. முன்கூட்டிச் சூடாக்காமல் நேராக ஊற்றினால் முதல் நிமிடத்திலேயே நான்கைந்து டிகிரி போகிறது, குளிர்ந்து கிடக்கும் எஃகு அதைக் குடித்துவிடுகிறது. அரை லிட்டர் ஃபிளாஸ்க் முழுதாக நிரப்பியும் ஆறு மணி நேரத்தில் 68தான். இது கம்பெனியின் குற்றமில்லை. சின்னப் பாத்திரத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் குறைவு, அதைச் சுற்றி வெப்பம் வெளியேறும் பரப்பு அதற்கு ஈடாகக் குறைவதில்லை. அதனால் நாலு பேருக்கு நாலு சின்ன ஃபிளாஸ்க் வாங்குவதைவிடப் பெரியது ஒன்றும் நாலு டம்ளரும் எடுத்துப் போவது புத்திசாலித்தனம். தூக்குகிறவர் மட்டும் வேறு மாதிரி நினைக்கலாம். காலி ஃபிளாஸ்க்கே ஏறக்குறைய அரை கிலோ, தண்ணீரோடு ஒன்றரை.

சரி, மூடிக்கு வருகிறேன், இந்த விமர்சனமே அதற்காகத்தான். வெப்பம் மூன்று வழியில் போகும் என்று பள்ளியில் படித்திருப்போம்: கடத்தல், சலனம், கதிர்வீச்சு. ஃபிளாஸ்க்கில் இரண்டு சுவர்கள், நடுவில் வெற்றிடம். அங்கே காற்றே இல்லாததால் முதல் இரண்டுக்கும் அந்த வழி அடைபடுகிறது. மூன்றாவதைத் தடுக்கத்தான் பழைய கண்ணாடிக் குடுவையில் வெள்ளி முலாம், இப்போதைய எஃகு ஃபிளாஸ்க் சிலவற்றில் சுவர்களுக்கு நடுவே செப்புப் பூச்சு. இப்படி உடம்பு முழுவதையும் அடைத்துவிட்டால் மீதி இருக்கிற ஒரே வாசல் வாய்தான். உள்சுவரும் வெளிச்சுவரும் ஒட்டுகிற கழுத்து வழியாகவும், வெற்றிடமே இல்லாத பிளாஸ்டிக் மூடி வழியாகவும்தான் பெரும்பகுதி வெப்பம் தப்பிக்கிறது. கொதிக்கிற தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் கழித்துத் தொட்டுப் பாருங்கள், வயிற்றுப் பக்கம் குளுகுளுவென்று இருக்கும், மூடி மட்டும் சுடும். ஆனால் கடையில் என்ன காட்டுகிறார்கள்? நிறம், பெயிண்ட், கைப்பிடி. மூடியைக் கழற்றிக் காட்டச் சொன்னால் விற்கிறவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

என்னுடைய ஒரு லிட்டர் ஃபிளாஸ்க்கின் மூடி கனமானது, உள்ளே நுரை அடைத்தது, நாலு சுற்றுச் சுற்றித் திருக வேண்டும், சலிப்பாகத்தான் இருக்கும். அரை லிட்டருக்குப் பொத்தானை அழுத்தினால் டப்பென்று திறக்கும் மூடி, ஒரு கையால் திறந்து நடந்துகொண்டே குடிக்கலாம், அதற்கு மயங்கித்தான் வாங்கினேன். அந்தப் பொத்தானுக்குள் ஒரு ஸ்பிரிங், ஒரு கொக்கி, இரண்டு சின்ன ரப்பர், தண்ணீர் போகும் ஒரு மெல்லிய வழி. இத்தனைக்குள்ளும் டீ போகும், பிரஷ் போகாது. ஐந்தாவது மாதம் பொத்தான் பாதியில் நிற்க ஆரம்பித்தது. ஏழாவது மாதம் மோந்து பார்த்தால் பழைய துணி வாடை. மூடியை முழுதாகப் பிரிக்கவும் முடியவில்லை, கம்பெனி அதைப் பிரிக்கிற மாதிரிச் செய்யவே இல்லை. கடைசியில் சமையல் சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து ஒரு ராத்திரி மூழ்க வைத்தேன், வாடை போனது, இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வந்தது.

இப்போது பை நனைந்த கதை. ஒரு நாள் பயணம், காலை ஐந்து மணிக்கு ரயில். முதல் நாள் இரவு என் வீட்டுக்காரர் தானாகவே முன்வந்து ஃபிளாஸ்க்கை எல்லாம் கழுவினார். அவ்வளவு சுத்தமாகக் கழுவினார், மூடிக்குள் இருந்த ரப்பர் வாஷரையும் கழற்றித் தனியாகக் கழுவிக் காய வைத்தார். அதைக் கழுவ வேண்டியதுதான், நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் வாஷர் தண்ணீர்த் தொட்டி ஓரத்திலேயே காய்ந்துகொண்டிருக்க, நாங்கள் ரயிலில் இருந்தோம். மூடி இறுக்கமாகத்தான் பட்டது, வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. பாப்பாவின் மாற்று உடை, அத்தையின் மாத்திரைச் சீட்டு, துண்டு, எல்லாம் வெதுவெதுவென்று ஊறியிருந்தன. அவரைத் திட்டவும் மனசு வரவில்லை, மனிதர் வேலை செய்துதானே தவறினார். நான் திட்டுவது மூடியை வடிவமைத்தவரை. எங்கள் வாஷர் வெள்ளை, மூடியின் உள்பக்கமும் வெள்ளை, இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரிவதே இல்லை. வாஷரை அழுத்தமான சிவப்பிலோ நீலத்திலோ செய்கிற கம்பெனிகள் இருக்கின்றன. வாங்கும்போது அதைப் பாருங்கள், இதைவிடப் பயனுள்ள யோசனை என்னிடம் இல்லை.

அதைவிட முக்கியம், வாஷர் தனியாகக் கிடைக்குமா என்பது. சிலிக்கோன் வளையம் காலப்போக்கில் தளர்ந்துவிடும், வாடை பிடிக்கும், கிழியும். எஃகு உடம்பு பத்து வருடம்கூட வரும், அதற்குள் வாஷர் எத்தனை தடவை மாறும் என்று சொல்ல முடியாது. ஒரு லிட்டர் கம்பெனிக்கு எழுதினேன், மூன்று வாரம் பதில் இல்லை, இரண்டாவது மின்னஞ்சலுக்கு ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று வந்தது. கருத்து எதுவும் சொல்லவில்லை, வாஷர் கேட்டேன். அரை லிட்டர்க்காரர்கள் உடனே அனுப்பினார்கள், வேறு மாடலுக்கு. பாப்பாவின் பாட்டில் கம்பெனி மட்டும் வாஷர், ஸ்ட்ரா, மூடி என்று எல்லாவற்றையும் தனித்தனியாக இணையத்தில் விற்கிறது. இத்தனைக்கும் மூன்றில் விலை குறைவானது அதுதான்.

ஆனால் பாப்பாவின் பாட்டிலைப் பற்றி நல்லதாக மட்டும் சொல்லிவிட முடியாது. ஸ்ட்ராவுக்குள் பூஞ்சை பிடிக்கிறது. வெளியிலிருந்து தெரியாது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே கறுப்புப் புள்ளிகள். கூடவே ஒரு மெல்லிய பிரஷ் கொடுக்கிறார்கள், அதைத் தினமும் உள்ளே விட்டு இழுக்க வேண்டும். பழச்சாறு ஊற்றினால் அன்றே. தண்ணீர் மட்டும் என்று சட்டம் போட்டிருக்கிறேன், பாப்பா மதிக்கிறாள், அவள் அப்பா மதிப்பதில்லை. ஒரு எச்சரிக்கை, ஸ்ட்ரா பாட்டிலில் சூடானது எதையும் ஊற்றக் கூடாது. உள்ளே ஆவி அழுத்தம் ஏறும், மூடியைத் திறந்ததும் ஸ்ட்ரா வழியாகச் சுடுதண்ணீர் பீய்ச்சும், குழந்தையின் முகம் அதற்கு நேராக இருக்கும். பாட்டிலிலேயே எழுதியிருக்கிறது, அடியில், பொடி எழுத்தில்.

ஜில்லென்று வைக்க ஃபிளாஸ்க் ஆகுமா என்று அத்தை முதலில் சந்தேகப்பட்டார்கள், சூட்டுக்கான பொருள் என்றே அவர்கள் மனதில். உண்மையில் இது பிறந்ததே குளிருக்காக. 1892இல் ஜேம்ஸ் டூவர் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி, திரவமாக்கிய வாயுக்களை ஆய்வகத்தில் ஆவியாகாமல் வைத்திருக்கத்தான் இந்த இரட்டைச் சுவர்க் குடுவையைச் செய்தார். காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டார். 1904இல் ஜெர்மனியில் தெர்மாஸ் என்ற பெயரில் இதையே விற்க ஆரம்பித்தார்கள், டூவர் வழக்குப் போட்டுத் தோற்றார். பாவம். அந்தப் பெயரே பிறகு பொதுப்பெயராகி, 1963இல் அமெரிக்க நீதிமன்றமும் அது பொதுச்சொல்தான் என்று சொல்லிவிட்டது. வெந்நீரைவிடக் குளிர்ந்த நீர் அதிக நேரம் நிற்பதில் மந்திரம் எதுவும் இல்லை. 94 டிகிரித் தண்ணீருக்கும் வெளிக் காற்றுக்கும் இருக்கும் இடைவெளி 65 டிகிரிக்கு மேல், 4 டிகிரித் தண்ணீருக்கு இடைவெளி 25 போல. ஐஸ் போட்டால் கேட்கவே வேண்டாம், ஒரு கிராம் ஐஸ் உருகவே 80 கலோரி வெப்பம் வேண்டும், அது தீரும்வரை தண்ணீர் ஜில்லென்றே இருக்கும். ‘12 மணி நேரம் சூடு, 24 மணி நேரம் குளிர்’ என்று பெட்டியில் போடுவதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

எஃகைப் பற்றி விற்கிறவர்கள் நிறையப் பேசுவார்கள். 304 அல்லது 18/8 என்று அடியில் பொறித்திருந்தால் நல்லது, 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் என்று அர்த்தம். 200 வரிசை எஃகில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள், துருவை அவ்வளவாகத் தாங்காது. கடையில் ஒருவர் காந்தத்தை எடுத்து ஒட்டிக் காட்டி, ‘ஒட்டலையே, பாருங்க, அசல் 304’ என்றார். அந்த 200 வரிசையைச் சேர்ந்த 201 எஃகும் காந்தத்தில் ஒட்டாது. அசல் 304கூட வளைத்து அடித்த இடத்தில் லேசாக ஒட்டும். ஆக அந்தக் காந்தத்தால் ஒன்றும் தெரியாது, அவருக்கு வியாபாரம் மட்டும் நடக்கும்.

இன்னொரு பயம், அடியில் ஈயம் இருக்கிறது என்று பரவும் செய்தி. சில தயாரிப்புகளில் வெற்றிடத்தை அடைக்கும் புள்ளியில் ஈயம் கலந்த பொருளைப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை, அது வெளி அடியில், எஃகு வட்டால் மூடி, குடிக்கிற தண்ணீர் தொடாத இடத்தில் இருக்கும். அந்த வட்டு கழன்று விழுந்தால் ஃபிளாஸ்க்கைப் புழங்காதீர்கள், குழந்தைகள் கையில் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள்.

உடம்புக்கு நல்லதா என்று கேட்டால், தண்ணீர் கையில் இருந்தால் குடிக்கிறோம், அவ்வளவுதான். அரை லிட்டரை இரண்டு தடவை நிரப்பிக் காலி செய்தால் ஒரு லிட்டர் என்று கணக்கு தானாக வந்துவிடுகிறது, போனில் நினைவூட்டும் ஆப் எல்லாம் எனக்குத் தேவைப்படவில்லை. ஆனால் ஃபிளாஸ்க் நல்லதாக இருப்பதாலேயே வரும் தொல்லையும் உண்டு. 65 டிகிரிக்கு மேல் சூடாகப் பானங்களைக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் வகைப்படுத்தியிருக்கிறது. டம்ளரில் ஊற்றிய டீ சில நிமிடங்களில் தானாக அந்த அளவுக்குக் கீழே வந்துவிடும். ஃபிளாஸ்க் வாயிலேயே வைத்துக் குடித்தால் மதியம் வரை வராது, என் தெர்மாமீட்டரே சாட்சி. அதனால் எங்கள் வீட்டில் சூடானது எதுவானாலும் டம்ளரில் ஊற்றித்தான். வெளிச்சுவர் சுடாததால் உள்ளே எவ்வளவு சூடு என்று கை சொல்லாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை, 60 டிகிரித் தண்ணீர் தோலை ஆழமாகப் புண்ணாக்கச் சில விநாடிகள் போதும்.

பால் சேர்த்த டீயை நாள் முழுக்க வைப்பதையும் நிறுத்திவிட்டோம். 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் 5 டிகிரி வரை கிருமிகள் பெருகுவதற்கு வசதியான சூடு. காலையில் ஊற்றிய பால் டீ அரை லிட்டர் ஃபிளாஸ்க்கில் மதியத்துக்கு மேல் அந்த எல்லைக்குள் வந்துவிடுகிறது, வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். வீட்டுக்காரர் முகம் வாடியது. பிறகு வெந்நீரை மட்டும் எடுத்துப் போய், டீத்தூள் பையும் பால் பவுடரும் தனியாக வைத்து அங்கேயே கலக்கிக் கொடுத்தேன். இப்போது புதுசாகப் போட்ட டீ என்று அவரே மற்றவர்களிடம் பெருமையடிக்கிறார், யோசனையும் தன்னுடையது என்கிறார். சோடா மாதிரி வாயு அடைத்த பானத்தை மட்டும் எதிலும் ஊற்றாதீர்கள், அழுத்தம் ஏறி மூடி தெறிக்கும்.

கழுவுவதற்கு ப்ளீச் வேண்டாம், அதிலிருக்கும் குளோரின் எஃகை அரிக்கும். டீக்கறைக்குச் சமையல் சோடாவும் சுடுதண்ணீரும் போதும். மூடியை எப்போதும் திறந்து வைத்தே காய விடுங்கள். கீழே விழுந்து நசுங்கினால் உடனே தூக்கிப் போட வேண்டாம், கொதிக்கிற தண்ணீர் ஊற்றி இரண்டு மூன்று நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். கழுத்து தவிர வேறெங்கும் சுடவில்லையென்றால் வெற்றிடம் பத்திரம். எங்களுடையது மாடிப்படியில் நாலு படி உருண்டு ஒரு பக்கம் சொட்டையாகிவிட்டது, சூடு நிற்பதில் ஒரு டிகிரிகூட மாறவில்லை.

நடுவில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். அரை லிட்டரின் மூடி மக்கர் செய்தபோது, அதே அளவுக்குச் சேரும் என்று சொல்லி, மேலே வெப்பநிலை எண் ஒளிரும் மூடி ஒன்றைத் தனியாக வாங்கினேன். தொட்டால் எண் வரும், பாப்பா ஒரு வாரம் தொட்டுக்கொண்டே இருந்தாள். அது காட்டுவது தண்ணீரின் சூடு இல்லை, மூடியின் அடிப்பக்கத்துச் சூடு. என் தெர்மாமீட்டர் 71 காட்டும்போது அது 58 என்றது. பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தால் சரியான எண்ணுக்குப் பக்கத்தில் வரும், கவிழ்த்துப் பிடித்துச் சூடு பார்க்கவா அதை வாங்கினேன்? பேட்டரியை மாற்றவும் வழியில்லை, நாலு மாதத்தில் அணைந்துவிட்டது.

பணக் கணக்கில் ஒரு லிட்டர் ஃபிளாஸ்க் எட்டாவது மாதத்திலேயே தன் விலையை மீட்டுவிட்டது. பாப்பாவின் பாட்டில் அதற்கும் முன்பே. அரை லிட்டர் இன்னும் கடனில் இருக்கிறது, அந்த ஒளிரும் மூடியின் விலையையும் சேர்த்தால் எப்போதும் கடனில்தான் இருக்கும். ஐந்துக்கு எவ்வளவு என்றால் ஒரு லிட்டருக்கு நாலு, வாஷர் அனுப்பியிருந்தால் நாலரை. பாப்பாவுடையதற்கு மூன்றரை. அரை லிட்டருக்கு உடம்புக்கு நாலு, மூடிக்கு ஒன்று, நீங்களே சராசரி போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது கிளம்பும் முன் மூடியைக் கழற்றி, விரலை உள்ளே விட்டு வாஷரைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். அரை லிட்டர்க்காரர்கள் தவறாக அனுப்பிய வாஷரைப் பாப்பா வளையல் என்று போட்டுக்கொண்டு திரிகிறாள்.